பத்திக்கு முகவரி எது?

சென்ற ஆண்டு முதுகலை இறுதியாண்டு மாணவி ஒருவர் தம் ஆய்வேட்டின் வரைவை நம்மிடம் கொண்டுவந்தார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் காணும் துணி வணிகச் செய்திகள் அவர் எடுத்துக்கொண்ட பொருள். உழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் சான்று காட்ட வேண்டிய இடங்களில் பலவற்றில் பொருள் விளங்காத எழுத்துக் கோவை ஒன்றே நின்றது. இது என்ன என்று கேட்டோம்.

"ஐயா, அது பத்திக்குக் கொடுத்த இணைப்பு. செயலியில் தொட்டால் நேரே அந்தப் பத்திக்கே போகும். வேறு செயலிக்குக் குறிப்புகளை மாற்றினேன். எல்லாம் அறுந்துபோய்விட்டது" என்றார்.

சமர்ப்பிக்கப் பத்து நாள்களே இருந்தன. தொகுதிகளை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் தேடினோம். எந்தக் குறிப்பில் நாட்குறிப்பின் தேதியையும் அவர் எழுதி வைத்திருந்தாரோ, அது ஒரு நிமிடத்தில் கிடைத்தது. இணைப்பை மட்டும் நம்பி விட்டவற்றுக்கு அந்தப் பத்து நாளும் போயின. ஏழு மேற்கோள்கள் கடைசிவரை அகப்படவில்லை. அவற்றின்மேல் எழுப்பிய ஒரு பகுதியையே நீக்க வேண்டியதாயிற்று.

குறிப்பெடுக்கும் மென்பொருள்களுக்கு நாம் பகைவரல்லோம். ஒரு குறிப்பின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு "உள்ளே தேடிக்கொள்" என்னும் இணைப்பைவிட, வேண்டிய பத்தியிலேயே கொண்டு விடும் இணைப்பு மேலானது என்பதில் ஐயமில்லை. நீண்ட உரைகளோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு இதன் அருமை தெரியும். நம் வழக்கு வேறு. இவ்விணைப்பு ஒரு வசதி. அதை முகவரி என்று கொள்வதுதான் பிழை.

இது இயங்கும் முறையைப் பாருங்கள். அப்சிடியன் என்னும் செயலி, பத்தியின் இறுதியில் ஓர் அடையாளத்தை எழுதி வைக்கிறது. நாம் பெயர் கொடாவிட்டால் அதுவே எழுத்தும் எண்ணும் கலந்த ஒன்றை இட்டுக்கொள்ளும். லாக்ஸீக்கில் இவ்வடையாளம் இன்னும் நீளமானது. இவ்வகை இணைப்பு தன் செயலிக்கு வெளியே இயங்காது என்று அப்சிடியனின் உதவிப் பக்கமே ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறது. சொல்லியும் நாம் கேட்பதில்லை.

"பொருளுள்ள பெயரை நாமே இடலாமே" என்பர். இடலாம். ஆனால் அப்சிடியனில் அப்பெயர் இலத்தீன் எழுத்து, எண், சிறுகோடு ஆகியவற்றால் மட்டுமே அமைய வேண்டும். குறிப்பின் தலைப்பு தமிழில் இருக்கலாம். உள்ளே நூறு பக்கம் தமிழில் எழுதலாம். பத்திக்குப் பெயர் மட்டும் தமிழில் கூடாது! இதைக் குறையென்று எடுத்துச் சொல்லும் தமிழ்க் குரல் நம் காதில் விழவில்லை.

முகவரி என்பது பனுவலுக்கு உரியது. அதை வைத்திருக்கும் பெட்டிக்கு உரியதன்று. குறள் 391 என்றால் மலிவுப் பதிப்பிலும், கைபேசியிலும், பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலும் கல்வி அதிகாரத்தின் முதற்குறளை எடுத்துவிடலாம். புறநானூறு 192 என்றால் பதிப்பகத்தின் பெயரை எவரும் கேட்பதில்லை. மேலை நாட்டிலும் இதுவே நடந்தது. ரொபேர் எத்தியேன் என்னும் பிரெஞ்சு அச்சகர் 1551இல் ஜெனீவாவில் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் வசனங்களுக்கு எண்ணிட்டார். எத்தனையோ மொழிபெயர்ப்புகள் வந்தும் இன்றும் அவ்வெண்களே வழிகாட்டுகின்றன.

உரைநடைக்கு இது இயலாது என்பாருக்கு நம் ஊரிலேயே விடை இருக்கிறது. 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கர் எழுதிய நாட்குறிப்பு உரைநடைதான். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாகச் சென்னையில் வெளிவந்தது. தமிழ்ப் பதிப்பின் பக்கங்கள் வேறு, ஆங்கிலப் பதிப்பின் பக்கங்கள் வேறு. தேதி ஒன்றே. அதைச் சொன்னால் இரண்டிலும் அதே இடத்தைத் திறக்கலாம்.

இனி நம்மவர் பக்கம் வருவோம். செயலியைக் குறை சொல்லும் தகுதி நமக்கு உண்டா? தமிழ் உரைநடை நூல்களில் பத்தி எண் இட்ட பதிப்பு எத்தனை? ஒரு கட்டுரையில் "ப. 47" என்று போடுகிறோம். மறுபதிப்பில் எழுத்தளவு மாறினால் அது 61 ஆகிவிடுகிறது. இணையத்தில் ஏற்றினால் பக்கமே இல்லை. வகுப்பிலோ "பாரதி ஓரிடத்தில் சொல்கிறான்" என்று தொடங்கி முழங்குகிறோம். எவ்விடத்தில்? அவன் இந்நகரில் வாழ்ந்த 1908–1918 ஆண்டுகளின் கட்டுரைகளை இதழும் நாளும் சொல்லிக் காட்டலாம். காட்டுவோர் சிலரே. இடம் சொல்லாத மேற்கோளுக்கும் ஊர்வம்புக்கும் வேறுபாடு மிகக் குறைவு.

இதன் துன்பத்தை உ.வே.சாமிநாதையர் போல் அறிந்தவர் இலர். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்குமுன், நச்சினார்க்கினியர் உரையில் பல இடங்களில் நூற்பெயர் கூறாமலே வரும் மேற்கோள்களின் இருப்பிடத்தை அவர் ஏடு ஏடாகத் தேடினார். அத்தேடல் அவரைச் சங்க நூல்களிடம் கொண்டு சேர்த்தது நம் நற்பேறு. அந்த உழைப்பை ஒவ்வொரு மாணவர் தலையிலும் ஏற்றுவது அறமாகாது.

மறுப்புகள் வரும். எண்ணும் நிலையானதன்று, தொல்காப்பிய நூற்பாவை இளம்பூரணர் பிரித்தது ஒரு வகை, நச்சினார்க்கினியர் பிரித்தது வேறு வகை என்பர். உண்மை. ஆகவே எண்ணோடு உரையாசிரியர் பெயரையும் சொல்லுகிறோம், தீர்ந்தது. சொற்களைக் கொண்டே பத்தியைக் கண்டுபிடித்துக் காட்டும் இணைப்பு வந்துவிட்டதே, 2020 முதல் குரோம் உலாவியில் இருக்கிறதே என்பர். அச்சொற்கள் அப்படியே இருந்தால்தான் அது பயன்படும். ஒரு பதிப்பாளர் சந்தி பிரிக்கிறார், இன்னொருவர் பிரிப்பதில்லை. ஒருவர் ஒற்று மிகுக்கிறார், இன்னொருவர் விடுகிறார். தமிழில் ஓர் ஒற்று போதும், இணைப்பு தடுமாற.

எனவே நாம் வேண்டுவன சில. மாணவர்கள், குறிப்பின் முதல் வரியில் நூல், பகுதி, எண் அல்லது நாள் ஆகியவற்றை எழுதிவிட்டு, அதன்பின் செயலியின் இணைப்பை வசதிக்காக இட்டுக்கொள்ளட்டும். உரைநடையை இணையத்தில் ஏற்றுவோர் பத்திதோறும் எண்ணிட்டு, திருத்தம் செய்யும்போதும் அவ்வெண்ணை மாற்றாதிருக்கட்டும். செயலி செய்வோர் தமிழ்ப் பெயரை ஏற்கட்டும். ஆசிரியர்களாகிய நாம், இடம் சொல்லாத மேற்கோளைத் திருப்பிக் கொடுப்போம், முதலில் நம்முடையதை.

அம்மாணவி இப்போது வேறொரு செயலியில் எழுதுகிறார். அதன் பெயரை நாம் கேட்கவில்லை. ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் நாட்குறிப்பின் தேதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தோம். இருந்தது.