கிளி எந்தக் கையில்?

போன மார்கழியில் ஒரு சிற்றிதழ் அட்டையில் ஆண்டாள் வந்தாள். ஏஐ வரைந்த ஆண்டாள். தங்கத் தூசி, பளபளப்பு, வலது கையில் சிறகு விரித்த நிஜக் கிளி. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் யாரும் ஒரே நொடியில் சொல்லிவிடுவார்: கிளி இருப்பது இடது கையில். அது இலைகளால் தினமும் புதிதாகக் கட்டுகிற கிளி. அலகுக்கு மாதுளம்பூ.

"அட்டைதானே, விடுங்க ப்ரோ" என்றார்கள். எப்படி விடுவது?

நான் கம்ப்யூட்டரில் கோடு எழுதிப் பிழைப்பவன். கணினியில் வரைவதோடு எனக்குச் சண்டையில்லை. பார்க்காமலே வரைவதோடுதான் சண்டை. அட்டைப்படம் பழக வருகிறவர்களுக்கு எந்த ஆப், எந்த பிரஷ், எந்த ப்ராம்ப்ட் என்று சொல்லித் தருகிறோம். எதைப் பார்ப்பது என்று சொல்லித் தருவதில்லை. சில்பி ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து வரைந்தார்.

"அது அந்தக் காலம். எங்ககிட்ட காசு ஏது?" சரி, ஒத்துக்கறேன். காசில்லையென்றால் ஒரு கோட்டோவியம் போடுங்கள். அதுவும் முடியாதா, இதழின் பெயரை மட்டும் போடுங்கள். கையில் காசில்லை என்பதற்காகத் தப்பான படத்தைப் போட வேண்டுமா?

பழகுகிறவர்களுக்கு என் யோசனை: முதலில் ராஜபாளையம் நாயை வரையுங்கள். 2005-ல் தபால்தலையில் வந்த நாய். பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, மடிந்து தொங்கும் காது. வெள்ளை நாயை வெள்ளைத் தாளில் எப்படி நிறுத்துவது? பின்னால் இருக்கும் சுவரையும் கீழே விழும் நிழலையும் வரைந்தால்தான் நாய் எழுந்து நிற்கும். எந்த பிரஷ்ஷும் இதைச் சொல்லித் தராது. மேலே கால் பங்கை இதழின் பெயருக்கு விடுங்கள். நாயின் காது எழுத்தில் இடிக்கக் கூடாது. பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் சிவகாசி பஸ் ஏறி, ஓர் அச்சகத்தில் கேட்டுக்கொண்டு நில்லுங்கள். திரையில் பளீரென்ற பச்சை, நான்கு வண்ண அச்சில் எப்படி மங்கி வருகிறது என்று கண்ணால் பாருங்கள்.

கவிதையில் ஓர் ஒற்று விடுபட்டால் அடுத்த இதழிலேயே வருத்தம் தெரிவிப்பவர்கள் நாம். கிளி கை மாறியதற்கு இன்றுவரை ஒரு வரி வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருவில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் போடுகிற ஏதோ ஒரு பிள்ளைக்கு அது தெரிந்திருக்கும். அந்தப் பிள்ளையிடம் கொடுத்து வரையச் சொல்லியிருக்கலாம். கூலியும் கொடுத்திருக்கலாம்.