மருந்துச் சீட்டில் ஒரு வரி

நீரிழிவும் இரத்த அழுத்தமும் எட்டிப் பார்க்காத இல்லங்கள் இன்று அரிதாகி விட்டன. வாப்பாவுக்கு ஒரு மாத்திரை, உம்மாவுக்கு இரண்டு என மாதந்தோறும் மருந்து வாங்குவது, மளிகை வாங்குவது போல் வழக்கமாகி விட்டது. ஆண்கள் கடல் கடந்து பொருளீட்டும் காயல்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில் இப்பொறுப்பு பெரும்பாலும் பெண்களைச் சார்ந்தது. பழைய சீட்டையோ, வெறும் மாத்திரை அட்டையையோ கொடுத்தனுப்பி, ‘இதே மருந்து’ என்று வாங்கி வரச் செய்கின்றோம். ஆண்டுகள் பல கடந்தும் அதே சீட்டு ஓடிக் கொண்டிருக்கின்றது.

சட்டம் இதற்கு இடமளிக்கவில்லை. மருத்துவரின் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளை, அவர் அச்சீட்டில் குறிப்பிட்டிருந்தாலன்றி, ஒரு முறைக்கு மேல் வழங்கலாகாது என்று 1945ஆம் ஆண்டின் மருந்துகள் விதிகளில் 65ஆம் விதி கூறுகின்றது. எத்தனை முறை, எவ்வளவு கால இடைவெளியில் என்று அவர் எழுதியிருப்பின், அதன்படியே வழங்க வேண்டும். வழங்கிய தேதியையும் கடையின் பெயர், முகவரியையும் சீட்டிலேயே குறிக்க வேண்டும்.

இவ்விதிக்குத் தக்க காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பொருந்திய அளவு இன்றைய உடலுக்குப் பொருந்தாமற் போகலாம். நீரிழிவுக்கு மெட்பார்மின் உட்கொள்வோரின் சிறுநீரகம் தளர்ந்திருந்தால், அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ நேரிடும். இரத்தப் பரிசோதனையின்றி இதனை அறிய இயலாது. சீட்டு பழையதாயிருக்க நோய் மட்டும் வளர்ந்து கொண்டே போகும்.

ஆகவே, அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது, ‘மாதம் ஒரு முறையாக மூன்று மாதங்களுக்கு வழங்கலாம்’ என்பது போன்ற ஒரு வரியை எழுதித் தருமாறு கேளுங்கள். எத்தனை மாதங்கள் என்பதை அவரே முடிவு செய்யட்டும். மறுபரிசோதனைக்கு வர வேண்டிய நாளையும் குறித்து வாங்குங்கள்.

அடுத்து, மருந்துக் கடைக்கு வருவோம். 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டப்படி, பதிவு பெற்ற மருந்தாளுநரே சீட்டுக்கு மருந்து வழங்க வேண்டும். நோயாளிக்கு மருந்து பற்றி விளக்குவதும் அவர் கடமை என்று 2015ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. எனவே, கேட்கத் தயங்க வேண்டாம். உணவுக்கு முன்பா, பின்பா? ஒரு வேளை தவறினால் என்ன செய்வது? ஏனைய மருந்துகளுடன் ஒத்துப் போகுமா?

ஒருவர் தூத்துக்குடியில் ஒரு மருத்துவரையும் திருநெல்வேலியில் வேறொருவரையும் காண்கிறார் எனக் கொள்வோம். இருவரும் எழுதிய மாத்திரைகளின் வணிகப் பெயர்கள் வேறாயினும், இரண்டிலும் இருப்பது அம்லோடிபின் என்னும் ஒரே மருந்தாக இருக்கலாம். இரட்டிப்பு அளவினால் கால் வீங்கும், தலை சுற்றும். எல்லாச் சீட்டுகளையும் ஒருசேரக் காட்டினால் மருந்தாளுநர் இதனைக் கண்டு சொல்வார். மூட்டு வலிக்கென நாமாக வாங்கும் டைக்ளோபினாக் போன்ற மாத்திரைகள் இரத்த அழுத்தத்தை உயர்த்தும், சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதையும் அவர் எச்சரிப்பார். ஆயினும், அளவை மாற்றும் பொறுப்பு மருத்துவருடையதே.

நம் கரையில் வாழ்வோருக்கு மற்றொரு கவனமும் தேவை. தருவைகுளத்திலிருந்து ஆழ்கடல் செல்லும் விசைப்படகுகள் பல நாட்கள் கழித்தே கரை திரும்புகின்றன. அட்டினோலால் போன்ற மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சு வலி வரக்கூடும். நடுக்கடலில் மருந்துக் கடை ஏது? பயணம் திட்டமிட்டதைவிட நீளும் என்று எண்ணியே மாத்திரைகளை எண்ணி வையுங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் நீடிக்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் வருவாய் இல்லையென்று மாத்திரையைக் குறைப்போரும் உளர். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இம்மருந்துகள் இலவசமாகக் கிடைக்கும்போது அது வேண்டாத விபரீதமாகும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இவற்றை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பெயரைப் பதிந்து கொள்ளுங்கள்.

நோன்பு நோற்க விரும்புவோர், ரமலான் பிறக்கும் முன்பே மருத்துவரைக் கண்டு, ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப மருந்து வேளைகளை எழுதி வாங்க வேண்டும், தாமாக மாற்றலாகாது. நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருப்பதையும் மறக்கலாகாது.

இன்றே வீட்டிலுள்ள சீட்டுகளை எடுத்து, அவற்றின் தேதிகளைப் பாருங்கள். ஆறு மாதங்களுக்கு மேற்பட்டது எதுவாயினும், அதனை எடுத்துக் கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.