பின்னிருக்கையில் அமர்பவரையும் கேட்டு வண்டி வாங்குவோம்

இருசக்கர வண்டிக் கடனுக்காகக் கிளைக்கு வருவோரில் ஒரு புதிய பிரிவினர் அண்மைக் காலமாகத் தென்படுகின்றனர். அலுவலகம் சென்று வர மட்டும் இவர்கள் வண்டி கேட்பதில்லை. கணவனும் மனைவியுமாக, கூடாரமும் அடுப்பும் ஏற்றிக்கொண்டு, நான்கைந்து நாள் மலைநாட்டைச் சுற்றி வர வேண்டும் என்பது இவர்கள் ஆசை. திருவனந்தபுரத்தில் வாழ்வோர்க்கு இந்த ஆசை இயல்பானதே. இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் பொன்முடி. பாலோடு, குளத்துப்புழை, தென்மலை, ஆரியங்காவு வழியே நூறு கிலோமீட்டருக்குச் சற்றே மேல் ஓட்டினால் தென்காசி. தெற்கே திரும்பினால் நாகர்கோவிலைக் கடந்து ஆரல்வாய்மொழிக் கணவாய்.

வண்டியைத் தேர்வு செய்யும்போது இவர்களில் பலர் முதலில் கேட்பது இயந்திரத்தின் சிசி அளவை. நம் கருத்தில் முதல் கேள்வி வேறு: இந்த வண்டி எவ்வளவு சுமை தாங்கும்?

சுமையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓட்டுபவர் 75 கிலோ, உடன் வருபவர் 60 கிலோ என்றால் ஆட்சுமை மட்டும் 135 கிலோ. கூடாரம், உறங்குபைகள், பாய், அடுப்பு, பாத்திரம், நான்கு லிட்டர் குடிநீர், மழைக்கோட்டு, துணிமணி, பஞ்சர் ஒட்டும் கருவிகள் ஆகியவை எவ்வளவு சிக்கனமாகக் கட்டினாலும் 25 கிலோவுக்குக் குறையா. ஆக மொத்தம் 160 கிலோ. வண்டியுடன் தரப்படும் கையேட்டில் அதிகபட்சச் சுமை அச்சிடப்பட்டிருக்கும். 100 சிசி வகை வண்டிகளில் அது 130 கிலோ அளவிலேயே நின்றுவிடுவதுண்டு. அத்தகைய வண்டி மூட்டை ஏற்றும் முன்பே தன் எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஏற்றத்தில் திணறுவது சிறிய தொல்லைதான். பெருந்தொல்லை இறக்கத்தில் காத்திருக்கிறது. அங்கே பிரேக்கும் பின்சக்கர டயரும் அளவுக்கு மீறிய எடையைச் சுமக்கின்றன.

அப்படியானால் பெரிய வண்டிதான் வேண்டுமா என்றால், அதுவும் இல்லை. 1980இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டிவிஎஸ் 50, இருவர் அமரக்கூடிய நம் நாட்டின் முதல் மொபெட். ஆளும் சுமையுமாக ஊர்ப்புற மக்கள் அதில் போகாத இடமில்லை. சிறிய வண்டியால் நெடுந்தொலைவு போக முடியும் என்பதில் ஐயமில்லை. எவ்வளவு எடையோடு, எந்த வேகத்தில், எந்தச் சாலையில் என்பதே கேள்வி. மலைச்சாலையில் இருவரோடு செல்லும்போது மணிக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட நம் சாலைகளில் வாய்ப்பே குறைவு. அந்த வேகத்துக்கு 150 முதல் 200 சிசி வரையிலான வண்டி பெரும்பாலான தம்பதியர்க்குப் போதும் என்பது நம் துணிபு. உடல் எடை கூடியவர்களும், ஆண்டில் பலமுறை தொலைதூரம் செல்பவர்களும் 350 சிசி வண்டியை நாடலாம்.

எடையையும் மறக்கக் கூடாது. 350 சிசி புல்லட் ஏறத்தாழ 195 கிலோ எடையுள்ளது. 200 சிசி எக்ஸ்பல்ஸ் ஏறத்தாழ 160 கிலோ. மழையில் ஊறிய மண்பாதையில் வண்டி சாய்ந்தால் தூக்கி நிறுத்த வேண்டியவர்கள் நாம் இருவர்தாம். எனினும் இலகுவான வண்டியில் மூட்டைகளை உயரமாக அடுக்கிக்கொண்டு காற்றுக் காலத்தில் ஆரல்வாய்மொழியைக் கடப்பதும் அறிவுடைமை ஆகாது. காற்றாலைகள் அங்கே நிறைந்திருப்பதற்குக் காரணமான அதே காற்றுதான் வண்டியையும் பக்கவாட்டில் தள்ளும். கனமான பொருள்களைத் தாழ்வாக, பின்சக்கர அச்சுக்கு முன்னால் வருமாறு இருபுறமும் சமமாகக் கட்ட வேண்டும். அச்சுக்குப் பின்னால் தொங்கும் பெட்டி முன்சக்கரத்தின் பிடியைத் தளர்த்தும். இருவர் செல்லும்போது பின்டயரின் காற்றழுத்தத்தைக் கையேடு கூறும் அளவுக்கு உயர்த்துவதும் அவசியம்.

125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் பிரேக் கட்டாயமாக உள்ளது. ஈரச் சாலையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது காக்கிறது. 125 சிசிக்கு மேல் செல்லுமாறு நாம் பரிந்துரைக்க இதுவும் ஒரு காரணம்.

இனி, பணம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 ஆயிற்று. எனவே 350 சிசி என்ற எல்லைக்கோடு வாங்குபவரின் பையிலும் விழுகிறது. கடன் காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒன்றரை லட்ச ரூபாயை 11 விழுக்காடு வட்டிக்கு வாங்கினால், மூன்று ஆண்டுகளில் மாதத் தவணை ஏறத்தாழ 4,910 ரூபாய். ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 3,260 ரூபாய். தவணை சிறுத்தது என்று மகிழ்வதற்கு முன் மொத்த வட்டியைப் பார்ப்போம். முதலதில் சுமார் 26,800 ரூபாய். பின்னதில் சுமார் 45,700 ரூபாய். இடையிலுள்ள 18,900 ரூபாயில் நல்ல தலைக்கவசங்கள் இரண்டும் உறுதியான கூடாரமும் வாங்கிவிடலாம்.

காப்பீட்டைப் பற்றி நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். வண்டிக்கு நேரும் சேதத்துக்கான காப்பீட்டைப் பலர் முதல் ஆண்டோடு விட்டுவிடுகின்றனர்; ஐந்தாண்டுச் சீட்டு கையில் இருப்பதால் எல்லாம் சரியாக உள்ளது என்றே எண்ணுகின்றனர். ஆனால் சட்டம் கட்டாயமாக்கியுள்ள அந்தக் காப்பீடு மட்டும் இருந்தால், கட்டணமின்றிப் பின்னிருக்கையில் வருபவருக்கு இழப்பீடு தரும் பொறுப்பு அந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் ஓட்டுபவருக்கே உரியது. வேறு வண்டி எதுவும் மோதாமல் நாமே சறுக்கி விழுந்தால், நம்மை நம்பிப் பின்னால் அமர்ந்தவரே பாதுகாப்பற்றவராகிறார். முழுக் காப்பீடு எடுத்து, ஆண்டுதோறும் புதுப்பித்து, பின்னிருக்கையாளருக்குப் பாதுகாப்பு உண்டா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவது நம் கடமை. அவருக்கான தனி விபத்துக் காப்பீட்டையும் சிறிய கூடுதல் தொகையில் சேர்க்கலாம். தலைக்கவசமும் இருவருக்கும் கட்டாயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு இருவரையும் குறித்தே பேசுகிறது.

தங்குமிடத்திலும் கவனம் தேவை. நெய்யாறு, பேப்பாறை போன்ற வனவிலங்குச் சரணாலயங்களில் அனுமதியின்றி நுழைவதும் கூடாரம் அடிப்பதும் குற்றம். வயநாட்டிலிருந்து மைசூரு செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் பந்திப்பூர்க் காட்டுப்பகுதி இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்பட்டிருக்கும். இருட்டும் முன் நிற்க இடம் பார்த்துக்கொள்வதே பயணத் திட்டத்தின் முதல் விதியாக இருக்கட்டும்.

வண்டியைக் கண்காட்சிக் கூடத்தில் பார்க்கும்போது ஓட்டுபவர் மட்டும் அமர்ந்து பார்ப்பது வழக்கம். உடன் வருபவரும் அரைமணி நேரமாவது பின்னால் அமர்ந்து செல்லட்டும். இருக்கையின் அகலம் போதுமா, கால்கள் வசதியாக மடிகின்றனவா, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா என்று அவரே சொல்லட்டும். அவருக்கு ஒவ்வாத வண்டிக்கு எத்தனை சலுகை கிடைத்தாலும் அதைத் தவிர்ப்பதே நன்று. கடன் விண்ணப்பத்தை அதன் பிறகு நிரப்பலாம்.