ஸ்கேல் வேறு, அளவு வேறு

என் நண்பர் ஒருவர் தன் வீட்டுச் சமையலறையை ஸ்கெட்ச்அப் புரோகிராமில் தானே வடிவமைத்தார். மேடை, அலமாரி, சிங்க் எல்லாம் திரையில் கச்சிதமாக இருந்தன. 1:20 ஸ்கேல் என்று குறிப்பிட்டு, ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து ஆசாரியிடம் கொடுத்தார். ஆசாரி தாளில் ஸ்கேலை வைத்து அளந்தார்; இருபதால் பெருக்கினார்; பட்டறையிலேயே பலகைகளை அறுத்து எடுத்து வந்தார். சுவருக்குச் சுவர் 4 அடி வர வேண்டிய பலகை ஏறத்தாழ இரண்டரை இன்ச் குறைந்தது!

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணிவிட்டது" என்றார் நண்பர். பார்த்தால், பிரிண்ட் கொடுக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' என்பதில் டிக் இருந்திருக்கிறது. படம் 95 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. கம்ப்யூட்டர் சொன்னதைத்தான் செய்தது.

அளவும் ஸ்கேலும் ஒன்றல்ல. வீடு தாளில் அடங்காது என்பதால்தான் அந்தக் காலத்தில் சுருக்கி வரைந்தார்கள். கம்ப்யூட்டருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 10 அடிச் சுவரை 10 அடியாகவே வரையலாம், வரைய வேண்டும். ஸ்கேல் என்ற பேச்சு தாளுக்கு வரும்போதுதான். ஆட்டோகேடில் மாடல் ஸ்பேஸ் தனியாகவும் லேஅவுட் தனியாகவும் இருப்பது இதற்காகவே.

ஆனால் திரை நம்மை ஏமாற்றுகிறது. மவுஸ் சக்கரத்தை உருட்டினால் எறும்பும் யானையும் ஒரே அளவில் தெரியும். பிளெண்டரைத் திறந்ததும் நடுவில் ஒரு கனசதுரம் தெரிகிறதல்லவா? கைக்குள் அடங்கும் பெட்டி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதன் ஒவ்வொரு பக்கமும் 2 மீட்டர். நாமே உள்ளே போய் நிற்கலாம்!

அடுத்த சிக்கல், அலகு. 10 என்று டைப் செய்தால் பத்து என்ன? மில்லிமீட்டரா, இன்ச்சா? நம் ஆசாரி அடி, இன்ச், நூல் என்று பேசுவார். பிளைவுட் கடைக்காரர் தடிமனை மில்லிமீட்டரில் சொல்வார். முப்பரிமாணப் பிரிண்டருக்கு அனுப்பும் எஸ்டிஎல் பைலில் வெறும் எண்கள் மட்டுமே இருக்கும், அலகு இருக்காது. பிரிண்டருக்கான சாப்ட்வேர் அவற்றைப் பெரும்பாலும் மில்லிமீட்டர் என்றே எடுத்துக்கொள்ளும். 2 இன்ச் பொம்மை 2 மில்லிமீட்டராக வந்து நின்றால் 25.4 மடங்கு பெரிதாக்க வேண்டும். மீட்டரில் வரைந்திருந்தால் 1000 மடங்கு.

இது பெரியவர்களுக்கும் நேர்ந்ததுதான். 1999ல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்தது. ஒரு சாப்ட்வேர் பவுண்டு கணக்கில் கொடுத்த எண்களை இன்னொன்று நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டதே காரணம்.

என் குறை கற்றுத் தருபவர்கள் மீதுதான். முதல் நாளே பட்டன்களைக் காட்டுகிறார்கள். இரண்டாம் நாள் வண்ணம், வெளிச்சம், பளபளப்பு. யூனிட்ஸ் மெனு கடைசி வரை வருவதே இல்லை. படம் அழகாக வந்தால் போதும் என்ற நினைப்பு பழகிப்போகிறது. அந்தப் படத்தை நம்பி ஒருவர் மரத்தை அறுக்கப் போகிறார் என்பதை மறந்துவிடுகிறோம். முதல் பாடமே டேப்பை எடுத்து உங்கள் மேஜையை அளந்து, அதே அளவில் வரைவதாக இருக்க வேண்டும்.

ஏற்கெனவே அளவில்லாமல் வரைந்துவிட்டீர்களா? கவலை வேண்டாம். ஸ்கெட்ச்அப்பில் டேப் மெஷர் கருவியால் உங்களுக்கு நிஜ அளவு தெரிந்த ஒரு கோட்டின் இரு முனைகளையும் கிளிக் செய்து, அந்த அளவை டைப் செய்து என்டர் தட்டுங்கள். மாடல் முழுவதையும் மாற்றவா என்று கேட்கும். யெஸ் கொடுங்கள்.

இன்னொன்று. தாளின் ஓரத்தில், அதே ஸ்கேலில் சரியாக 10 சென்டிமீட்டர் வர வேண்டிய ஒரு கோட்டையும் சேர்த்துப் பிரிண்ட் எடுங்கள். வந்ததும் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ஒன்பதரை இருந்தால் தாளைக் கிழித்துப் போடுங்கள். தாள் போனால் சில காசு; பலகை போனால்?