ஒளியை நிறுத்திட்டாங்களாம்!

வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது யாராவது எழுதிடறாங்க: 'ஒளியை உறைய வைத்த விஞ்ஞானிகள், ஐன்ஸ்டீன் அவுட்!' கீழே வரிசையா 'அருமை, தொடருங்கள்' பின்னூட்டம். போன வாரமும் ஒண்ணு. பொறுத்துப் பார்த்தேன், முடியலை.

சாமிகளா, ஐன்ஸ்டீனை விட்டுடுங்க. 1999-ல் லீன் ஹாவ் குழு, உறைநிலைக்கு வெகு கீழே குளிரவைத்த சோடியம் அணுக்களுக்குள் ஒளித்துடிப்பை நொடிக்கு 17 மீட்டராகக் குறைச்சாங்க. மணிக்கு 61 கிலோமீட்டர், நம்ம ரூட் பஸ் வேகம். ஆனா குறைஞ்சது துடிப்போட முகடு நகர்ற வேகம். வெற்றிடத்தில் ஒளி போற வேகத்தை எந்தச் செய்தியும் தாண்டாதுன்னுதான் ஐன்ஸ்டீன் சொன்னார். மெதுவாப் போகக்கூடாதுன்னு எங்கே சொன்னார்?

'நிறுத்தினாங்க'ங்கறது இன்னும் மோசம். 2015-ல் வியன்னாவில் ரவுஷன்பாய்ட்டல் குழு செஞ்சதைப் பாருங்க. கண்ணாடி இழையைச் சூடாக்கி, ஒளியின் அலைநீளத்தைவிட மெலிசா இழுத்துட்டா, ஒளியில் ஒரு பங்கு கண்ணாடிக்கு வெளியே வழிஞ்சபடி போகும். அந்த வழியோரமா சீசியம் அணுக்களை லேசரால் பிடிச்சு வெச்சாங்க. கட்டுப்பாட்டு லேசர் எரியறப்ப துடிப்பு நொடிக்கு 50 மீட்டரில் ஊர்ந்து போகும். அது உள்ளே இருக்கறப்பவே அந்த லேசரை அணைச்சா? ஒளி அங்கே உறைஞ்சு நிக்கலைங்க. ஒளியே இல்லை! அதோட தடம் மட்டும் அணுக்களின் நிலையில் பதிஞ்சிருக்கு. லேசரை மறுபடி போட்டா, அந்தத் தடத்திலிருந்து துடிப்பு திரும்பப் பிறக்குது.

எவ்வளவு நேரம் வெச்சிருந்தாங்க? 2 மைக்ரோ நொடி. திரும்பக் கிடைச்சது? சுமார் 3 சதவீதம். அதே வருஷம் பாரிஸில் லோரா குழுவுக்கு 10 சதவீதம்.

'இதுக்கா இத்தனை அலட்டல்? 400 மீட்டர் இழையைச் சுருட்டி வெச்சாலே அந்தத் தாமதம் கிடைக்குமே, நஷ்டமும் கம்மி'ன்னு கேட்டீங்கன்னா, நியாயமான கேள்வி. சுருள்ல போன ஒளி தன் நேரத்துக்குத்தான் வெளியே வரும். இங்கே நாம கூப்பிடறப்ப வரும். குவாண்டம் வலைப்பின்னல்ல எதிர்முனை தயாராகற வரைக்கும் ஒரு ஃபோட்டானைக் காக்க வைக்கணும்னா, அதுதான் வேணும்.

ஆக, அந்த ஆய்வாளர்கள் மல்லுக்கட்டினதே மீதி 97-ஓடதான். நம்ம பதிவுல அந்த 97-ம் இல்லை, 3-ம் இல்லை. 'உறைந்தது' மட்டும் இருக்கு. மாயாஜாலமா எழுதிட்டா அவங்க பட்ட பாடு எங்கே தெரியும்?

நண்பரே, தலைப்பை மாத்தாட்டியும் பரவாயில்லை. அந்த ஐன்ஸ்டீன் வரியை மட்டுமாவது தூக்கிடுங்க :-)