கடலடிச் செல்வம் யாருக்கு?

கடலின் அடித்தளம் இனி இருட்டறையன்று. நீருக்குள் வெளிச்சம் சிறிது தூரமே செல்லும். ஒலியோ ஒரு வினாடியில் ஏறத்தாழ 1500 மீற்றர் ஓடும். அவ்வொலியை அடித்தளம் நோக்கி அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு படம் வரையும் யந்திரங்களை மனிதன் படைத்துவிட்டான். மண்ணுக்குள் புதைந்த நங்கூரத்தையும் பீரங்கியையும் காந்தமானி காட்டிக்கொடுக்கிறது. மனித உடல் தாங்கவொண்ணாத ஆழத்துக்கு ஆளில்லாக் கலங்கள் விளக்கும் கமராவும் ஏந்திச் செல்கின்றன. ஏறத்தாழ 3800 மீற்றர் ஆழத்திற் கிடந்த 'டைட்டானிக்' கப்பல் 1985 செப்டெம்பரில் அகப்பட்டது இவ்விஞ்ஞானத்தின் வெற்றியே. அவ்வெற்றியை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் அந்தத் தேடலுக்குப் பணம் கொடுத்தவர் யார்? அமெரிக்கக் கடற்படை. மூழ்கிப்போன தன் அணுசக்தி நீர்மூழ்கிகள் இரண்டின் சிதைவுகளை ஆராய்வதே அது ஒப்படைத்த முதற் பணி. அப்பணி முடிந்து எஞ்சிய நாட்களிலேதான் 'டைட்டானிக்' தேடப்பட்டது. யந்திரத்துக்குக் கண் உண்டு; அது எங்கே பார்க்கவேண்டும் என்று கட்டளையிடுவது பணம். இந்த உண்மையை மறந்துவிட்டு விஞ்ஞானத்தின் புகழ் பாடுவோரோடு நமக்கு உடன்பாடில்லை.

இதனை உச்சமுனைக் கரையில் நின்று எண்ணிப் பார்க்குமாறு வாசகரை அழைக்கிறோம். புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டியிலிருந்து படகேறிச் சேரும் மணல்திட்டு அது. ஒருபுறம் களப்பு, மறுபுறம் கடல். மீன்பிடியே அங்குள்ளோர் வாழ்வு. இக்களப்பின் வாயைக் கைப்பற்றிக் கண்டி அரசனின் கடல் வாணிபத்தைக் கட்டுப்படுத்துவதற்காகவே ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கற்பிட்டிக் கோட்டையைக் கட்டினர். மன்னார் வளைகுடாவுக்குப் போன தோணிகளும் மரக்கலங்களும் நூற்றாண்டுக் கணக்காக இக்கரையோரமாய்ச் சென்றன. மேற்கே விரிந்துகிடக்கும் பவளப் பாறைத்தொடர் 1992இல் கடற் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. நாளை ஓர் ஆய்வுக்கப்பல் இங்கு வந்து நங்கூரமிடுமானால், அது யாருடைய கட்டளைப்படி வந்தது என்பதே நம் முதற் கேள்வியாக இருக்கவேண்டும்.

இக்கரை மக்களுக்கு இக்கேள்வி புதிதன்று. சிலாபத்திலிருந்து மன்னார்வரை பரந்த முத்துப்பார்களிலே, கல்லில் கால்வைத்து, மூச்சடக்கி இறங்கிய குளியாளிதான் கடலடியின் முதல் ஆராய்ச்சியாளன். அவன் அள்ளிவந்த சிப்பிகள் மூன்று குவியலாக்கப்பட்டன. இரண்டு அரசுக்கு, ஒன்று அவனுக்கு. 1905ஆம் ஆண்டுக் குளிப்பு மாத்திரமே பிரிட்டிஷ் அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா வருமானம் ஈட்டிக்கொடுத்தது. அதற்குச் சற்று முன்னர், 1902இல், பேராசிரியர் ஹெர்ட்மன் வந்து பார்களை விஞ்ஞான முறைப்படி ஆராய்ந்தார். ஆராய்ச்சியின் பின்னாலேயே குத்தகையும் வந்தது. 1906இல் முத்துப்பார்கள் ஒரு லண்டன் கம்பனிக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907ஆம் ஆண்டுக் குளிப்போடு அதன் அறுவடை முடிந்தது. கடலை அறிந்தவன் கையில் கடல் இல்லை. கடலையே காணாத பங்குதாரன் கையில் அது இருந்தது. ஆராய்ச்சியை நாம் குறைகூறவில்லை. அதன் பலன் எவர் பெட்டிக்குள் போய் விழுந்தது என்றே கேட்கிறோம்.

மூழ்கிய கப்பல்களின் கதையும் இதுவே. அம்பாந்தோட்டை மாவட்டத்துக் கொடவாயக் கடலில், ஏறத்தாழ 33 மீற்றர் ஆழத்தில் ஒரு மரக்கலம் கிடக்கிறது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டுக்கும் கி.பி. முதலாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதென்று கணிக்கப்பட்ட அக்கலம், இந்து சமுத்திரத்தில் இதுவரை அறியப்பட்ட மூழ்கிய கப்பல்களில் மிகப் பழையது. அதிலே கிடைத்தவை பொன்னும் மணியுமல்ல; கண்ணாடிக் கட்டிகள், அரைக்கும் அம்மிக்கற்கள், மட்பாண்டங்கள், துருவேறி இறுகிய உலோகம். மன்னர்களின் மெய்க்கீர்த்தி பேசாத உழைப்பாளிகளின் சரித்திரம் அது. அதனை 2003இல் முதலில் கண்டவை எந்த யந்திரத்தின் கண்களும் அல்ல; கடலுக்குள் இறங்கிச் சங்கு பொறுக்கிய உள்ளூர் மீனவரின் கண்கள். ஆய்வாளரும் கருவிகளும் பின்னரே வந்தனர்.

இதற்கு நேர்மாறான காட்சியைக் கொலம்பியாக் கடலிற் காண்கிறோம். 1708இல் ஏறத்தாழ 600 பேரோடு மூழ்கிய 'சான் ஹோசே' என்னும் ஸ்பானியக் கப்பல், 2015இல் தானியங்கி நீர்க்கலத்தின் உதவியால், ஏறத்தாழ 600 மீற்றர் ஆழத்திற் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பொன்னும் வெள்ளியும் தமதென்று கொலம்பியா வழக்குரைக்கிறது; ஸ்பெயின் உரிமை பாராட்டுகிறது; ஓர் அமெரிக்கக் கம்பனியும் பங்கு கேட்கிறது. பொலிவியாவின் கரா கரா பழங்குடியினரோ, அவ்வெள்ளியைப் பொட்டோசிச் சுரங்கத்தில் வெட்டியெடுத்து மாண்டவர்கள் தம் மூதாதையர் அல்லரா என்று கேட்கின்றனர். வல்லோர் கூச்சலிடையே அந்தக் கேள்வி ஒன்றுதான் நம் நெஞ்சைத் தொடுகிறது. கடலடிப் பண்பாட்டுச் சின்னங்களை வாணிபச் சரக்காக்கலாகாது, கிடந்த இடத்திலேயே காப்பதை முதல்வழியாகக் கருதவேண்டும் என்று யுனெஸ்கோ 2001இல் ஓர் உடன்படிக்கை வகுத்தது. நல்ல உடன்படிக்கைதான். எனினும் கடற்கரையில் குடியிருப்பவனைத் தோழனாக்காத எந்தச் சட்டமும் கடலுக்குள் காவல் நிற்காது.

"பசித்த மீனவனுக்கு உடைந்த கப்பலால் என்ன பயன்? வலைக்கு வழியைப் பாருங்கள்" என்பாருளர். பசியைப் பற்றி நமக்கும் தெரியும். பசித்தவனுக்குச் சரித்திரம் வேண்டாம் என்று தீர்ப்பளிக்கும் உரிமையை இவர்களுக்கு யார் கொடுத்தது? அன்றியும், மூழ்கிய கப்பல் பழங்கதை மாத்திரமா? 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' 1486 கொள்கலன்களோடு 2021 மே மாதம் கொழும்புக் கடலில் தீப்பற்றி, ஜூன் மாதம் மூழ்கியது. ஏறத்தாழ 1680 தொன் பிளாஸ்டிக் மணிகளை அது சுமந்திருந்தது. அவை மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. மீன்பிடி தடைசெய்யப்பட்டு அடுப்புகள் அணைந்தன. 2025 ஜூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. அக்கப்பலின் கேட்டை அளந்து சாட்சி சொல்வதற்கும், பழைய கப்பலைத் தேடுவதற்கும் வேண்டிய கருவிகள் பெரும்பாலும் ஒன்றே. பொன்னைத் தேடும்போது கூர்மையாக இருக்கும் கண், நஞ்சைத் தேடும்போது மங்கிவிடலாகாது.

இன்னொரு சாரார் உல்லாசப் பிரயாணத்தைக் காட்டி ஆசையூட்டுகின்றனர். கற்பிட்டியைச் சூழ்ந்த 14 தீவுகளை விடுதிகளுக்கென வகுத்த அரசுத் திட்டத்திலே உச்சமுனையும் ஒன்று. கரையை வேலியிட்டு அடைத்துவிட்டால், கடலடியில் எது அகப்பட்டாலும் அது விருந்தாளியின் கண்காட்சியாகும். மீனவனோ தன் கடலுக்கே அந்நியனாவான்.

"இந்த நாட்டால் வேறு வழியில் இயலுமா?" என்று ஐயுறுவோருக்கு ஒரு சான்று தருகிறோம். 1659இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய ஒல்லாந்தக் கப்பல் 'அவொன்ட்ஸ்டர்'. 2001 முதல் 2004 வரை அதனை அகழ்ந்தாய்ந்தது மத்திய கலாசார நிதியத்தின் கடல்சார் தொல்லியற் பிரிவு. நெதர்லாந்தின் பணம் உதவியது. பயிற்சி பெற்று நீருக்குள் இறங்கியோரில் நம் நாட்டு இளைஞரும் இருந்தனர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அவர்களின் பணிமனையை அழித்தது; கற்ற கல்வியை அது அழிக்கவில்லை. பொதுமக்கள் நிறுவனத்தால் இது இயலும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆகவே நாம் கோருவது இதுதான். கடலடி ஆய்வு பல்கலைக்கழகங்களிடமும் அரசின் தொல்லியல் நிறுவனங்களிடமும் இருக்கட்டும். பங்கு பேசும் கம்பனிகளிடம் வேண்டாம். கண்டெடுத்துச் சொல்லும் மீனவனுக்கு வெகுமதியும், எழுதப்படும் ஏட்டில் அவன் பெயரும் உரியவை. கடலட்டைக்காகக் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கும் இளைஞன், விரைந்து மேலேறினால் இரத்தத்திற் கரைந்த நைதரசன் குமிழியாகிக் கைகால் முடக்கும் என்பதைக் கற்பிப்பாரின்றியே இறங்க நேர்வது வெட்கக்கேடு. அவனுக்கு முறையான பயிற்சியும் அருகில் வைத்தியமும் வேண்டும். யந்திரம் வரையும் கடலடிப் படங்கள் தமிழிலும் சிங்களத்திலும் கரைக்குத் திரும்பி வரவேண்டும்.

உச்சமுனையின் பிள்ளை ஆய்வுக்கப்பலைக் கரையில் நின்று வேடிக்கை பார்த்தது போதும். அதன் மேல்தட்டிலே, கருவியின் முன்னால், அவன் அமரவேண்டும். அந்த நாள் வரும்வரை இக்கேள்வியை விடாது எழுப்புவது எழுதுகோல் ஏந்திய நம் அனைவரின் கடமையாகும்.