வாயுவுக்கு விலை உண்டு, உரத்துக்கு?

புது தில்லி: சாணத்திலிருந்தும் வைக்கோலிலிருந்தும் எரிவாயு எடுக்க முடியும் என்பதில் இன்று எவருக்கும் ஐயமில்லை. ஐயமெல்லாம், அதற்காக மத்திய அரசு போட்ட கணக்கில்தான். 2018 அக்டோபர் 1-ஆம் தேதி பெட்ரோலிய அமைச்சகம் தொடங்கிய "சதத்" திட்டம், 2023-24-க்குள் 5,000 ஆலைகள், ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி டன் அழுத்தப்பட்ட உயிரி எரிவாயு என்று இலக்கு நிர்ணயித்தது. காலக்கெடு முடிந்தபோது இத்திட்டத்தின் கீழ் இயங்கத் தொடங்கியிருந்த ஆலைகள் நூறைக்கூட எட்டவில்லை.

இலக்குக்கும் நடைமுறைக்கும் இடையே இவ்வளவு பெரிய பள்ளம் ஏன்? தொழில்நுட்பத்தைக் குறை சொல்ல முடியாது. காற்றுப் புகாத கலனில் சாணத்தைக் கரைத்து விட்டால் நுண்ணுயிரிகள் அதைச் சிதைத்து வாயுவை வெளியிடுகின்றன. அதில் 55 முதல் 60 சதவீதம் மீத்தேன். எஞ்சியதில் பெரும்பகுதி கரியமில வாயு. அதை நீக்கி மீத்தேனின் அளவை 90 சதவீதத்துக்கு மேல் உயர்த்தினால் பேருந்தையும் காரையும் ஓட்டலாம். ஜஷ்பாய் படேல் சாண எரிவாயுக் கலனை வடிவமைத்தது 1950-களின் தொடக்கத்தில். கதர் கிராமத் தொழில் ஆணையம் 1960-களில் அதைப் பரப்பியது. 1981-82-இல் தேசியத் திட்டம் வந்தது. அதன் பிறகு நாடெங்கும் சுமார் 50 லட்சம் குடும்பக் கலன்கள் அமைக்கப்பட்டன.

அந்த அனுபவமே ஒரு பாடத்தைக் கற்றுத் தந்தது. ஒரு குடும்பம் சமைப்பதற்குப் போதுமான இரண்டு கனமீட்டர் கலனுக்கு நாள்தோறும் சுமார் 50 கிலோ சாணம் தேவை. அதற்கு நான்கைந்து மாடுகளாவது வேண்டும். ஓரிரு மாடு வைத்திருப்பவருக்கு அது எட்டாக்கனி. மாடே இல்லாத ஏழைப் பெண்ணின் நிலை இன்னும் மோசம். வழியில் கிடந்த சாணத்தைப் பொறுக்கி வறட்டி தட்டி அடுப்பெரித்தவளுக்கு, பக்கத்து வீட்டுப் பண்ணையார் கலன் கட்டியதும் அந்தச் சாணமும் கிடைக்காமல் போனது. விலையில்லாத பொருளுக்கு விலை வந்தால் அது முதலில் ஏழையின் கையிலிருந்துதான் நழுவும் என்று 1970-களிலேயே ஆய்வாளர்கள் எச்சரித்தனர்.

இப்போது அரசின் பார்வை வீட்டுக் கலனிலிருந்து ஆலைக்கு மாறியிருக்கிறது. ஆலை தரும் வாயுவை வாங்கிக்கொள்ள எண்ணெய் நிறுவனங்கள் உறுதி அளித்தன. கிலோவுக்கு 46 ரூபாய் என்றிருந்த குறைந்தபட்சக் கொள்முதல் விலை 2022-இல் 54 ரூபாயாக உயர்த்தப்பட்டது. குழாய்வழி சமையல் எரிவாயுவிலும் வாகன எரிவாயுவிலும் 2025-26 முதல் ஒரு சதவீதம், 2028-29 முதல் 5 சதவீதம் உயிரி எரிவாயுவைக் கலப்பது கட்டாயம் என்று 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. இவை யாவும் வரவேற்கத்தக்கவையே. ஆனால் எல்லாச் சலுகையும் குழாயின் ஒரு முனையில்தான் குவிந்துள்ளது.

பஞ்சாப் மாநிலம் சங்ரூர் மாவட்டத்தின் லெஹ்ராகாகாவில் 2022 அக்டோபரில் திறக்கப்பட்ட ஆலையை எடுத்துக்கொள்வோம். முழு அளவில் இயங்கினால் நாளொன்றுக்கு 300 டன் நெல் வைக்கோலிலிருந்து 33 டன் எரிவாயு கிடைக்கும் என்றும், கூடவே 600 முதல் 650 டன் வரை உரம் வெளிவரும் என்றும் அப்போது தெரிவிக்கப்பட்டது. எடையைப் பார்த்தால் இது எரிவாயு ஆலையல்ல, உர ஆலை. வாயுவை வாங்க எண்ணெய் நிறுவனம் வாசலில் நிற்கிறது. அந்த உரத்தை யார் வாங்குவது?

45 கிலோ யூரியா மூட்டை விவசாயிக்கு வரி நீங்கலாக 242 ரூபாய்க்குக் கிடைக்கும் நாட்டில், சத்து குறைவாகவும் எடை அதிகமாகவும் உள்ள இயற்கை உரத்தை வண்டி வைத்து ஏற்றிச் செல்ல எவர் முன்வருவார்? இந்த உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவித்தொகை வழங்க 2023 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மூன்றாண்டுகளுக்கு ஒதுக்கிய தொகை 1,451 கோடி ரூபாய். ரசாயன உர மானியமோ 2021-22 தொடங்கி ஆண்டுதோறும் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. மண்ணில் கரிமச்சத்து குறைந்துவிட்டது என்று மேடைதோறும் கவலைப்படும் அரசு, தன் கணக்குப் புத்தகத்தில் அந்தக் கவலையைக் காட்டவில்லை.

மூலப்பொருளின் கதையும் இதுவே. நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே பஞ்சாப் விவசாயிக்குக் கிடைப்பது ஏறத்தாழ மூன்று வாரம். ஓராண்டுக்கு வேண்டிய வைக்கோலை அதற்குள் கட்டுக்கட்டாகத் திரட்டி, நனையாமலும் தீப்பிடிக்காமலும் காக்க வேண்டும். அந்தச் செலவு கட்டுப்படியாகாவிட்டால் தீக்குச்சியே மலிவு. அதன் புகை தில்லி வரை வருகிறது.

ஊராரின் ஒப்புதலும் தானாக வருவதில்லை. 2024-இல் லூதியானா மாவட்டத்தில், நிலத்தடி நீர் கெடும், துர்நாற்றம் வீசும் என்று அஞ்சிய கிராமங்கள் இத்தகைய ஆலைகளுக்கு எதிராகப் போராடின. மக்களவைத் தேர்தலையே புறக்கணிப்பதாகச் சில ஊர்கள் அறிவித்தன. வாயு நகரத்துக்கு, நாற்றம் ஊருக்கு என்றால் எந்த ஊர் ஏற்கும்? இந்தூரில் 2022 பிப்ரவரியில் தொடங்கிய, நாளொன்றுக்கு 550 டன் ஈரக்கழிவைக் கையாளும் ஆலைக்குப் பக்கபலமாக இருப்பது வேறொன்று. அங்கே வீட்டு வாசலிலேயே குப்பை தரம் பிரிக்கப்படுகிறது. வாயுவில் குறைந்தது பாதியை நகரப் பேருந்துகளுக்காக மாநகராட்சியே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. கழிவைத் தருபவரே பலனையும் பெறுகிறார்.

கிராமத்துக்கும் முன்னுதாரணம் இல்லாமலில்லை. கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டப் புரா கிராமத்தில், இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஏ.கே.என். ரெட்டி குழுவினர் அமைத்த சமுதாயக் கலனின் வாயு முதலில் சமையலுக்கென்றே திட்டமிடப்பட்டது. எல்லா அடுப்புக்கும் சாணம் போதவில்லை. 1980-களின் பிற்பகுதியில் அதே வாயுவைக் கொண்டு மின்சாரம் எடுத்துக் குடிநீரும் விளக்கும் தந்தனர். சாணம் கொண்டுவந்தவருக்கு எடைக்கேற்பக் கூலி. எஞ்சிய கூழும் அவருக்கே. குஜராத்தின் ஆனந்த் மாவட்ட ஜக்கரியாபுராவில் தேசிய பால்வள வாரியம், வீட்டுக் கலன்களில் எஞ்சும் கூழைப் பெண்களிடம் வாங்கி உரமாக்கி விற்கும் வழியைக் காட்டியது. பாலுக்குக் கூட்டுறவு செய்ததை உரத்துக்கும் செய்யலாம் என்பதே அதன் செய்தி.

2019 கணக்கெடுப்பின்படி நாட்டிலுள்ள மாடுகளும் எருமைகளும் சேர்ந்து 30 கோடி. அவற்றின் சாணத்தை அள்ளுவது பெரும்பாலும் பெண்களின் கைகள். 5 சதவீதக் கலப்பு என்ற கட்டளை வாயுவுக்குச் சந்தை தரலாம். சாணத்தையும் வைக்கோலையும் ஆலை வாசலுக்குக் கொண்டுவராது. ரசாயன உர மானியத்தில் ஒரு பங்கை இயற்கை உரத்துக்குத் திருப்புவதும், சாணமும் வைக்கோலும் தருபவருக்கு எடைக்கேற்ற விலையை உறுதி செய்வதும், ஆலை அமையும் ஊருக்கு அதன் பலனில் பங்களிப்பதும் அரசின் கையில்தான் உள்ளன. அவற்றைச் செய்யாமல் ஆலைகளின் எண்ணிக்கையை மட்டும் அறிவித்துக்கொண்டிருந்தால், அடுத்த காலக்கெடுவும் 2023-24-ஐப் போலவே கடந்து போகும்.